பழைய பின், புதிய பின்: வீட்டில் கட்டும் விமானமும் நம் அளவீட்டுப் பாடமும்

நரிக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் பணியாற்றுபவர்களுக்குக் காலை எட்டரை மணிக் காட்சி தெரியும். கண்மாய்க் கரையோரம் வரிசையாக நீல மிதிவண்டிகள் வரும். அரசு தந்த விலையில்லா மிதிவண்டிகள்தாம். இரண்டு மூன்று கிராமம் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே மண்சாலையில் ஓடும் வண்டிகள் என்பதால் அவற்றுக்கு ஏதாவது ஒரு நோவு இருந்துகொண்டே இருக்கும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் தாமதமாக வந்தான். "பெடல் மிதிச்சா டக்கு டக்குனு ஆடுது சார். நேத்துத்தான் காட்டர் பின் மாத்துனேன்" என்றான். பின் எங்கே வாங்கினாய் என்றேன். வாங்கவில்லையாம். தாத்தாவின் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறான். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் சார் இருந்துச்சு. அடிச்சதும் இறுகிருச்சு."

ஒன்பதாம் வகுப்புக்கு அன்று அளவீடு பாடம். வெர்னியர் அளவி மேசையில் இருந்தது. கழற்றிய பழைய பின்னையும், தாத்தா வண்டியின் பின்னையும் அளக்கச் சொன்னேன். ஒன்று 9.5 மில்லிமீட்டர், மற்றொன்று 9.0. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. ஆனால் கிராங்கு ஆடுவதற்கு அது போதும்.

அந்த வகுப்பில்தான் விமானப் பேச்சு வந்தது. வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் வேலையில் பாதி இப்படி ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்துவதுதான் என்று சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. அவர்களுக்காகத் தேடிப் படித்துத் தொகுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு அளவீடு முதல் பத்தாம் வகுப்பு விசையின் திருப்புத்திறன் வரை பல இடங்களில் கைகொடுக்கும்.

முதல் விமானமே சைக்கிள் கடையில் கட்டப்பட்டதுதான். ஆர்வில், வில்பர் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்றவர்கள். 1903 டிசம்பர் 17, பன்னிரண்டு விநாடி, 120 அடி என்று நாம் பாடம் நடத்துகிறோம். அதற்கு முந்தைய ஆறு வாரங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எனக்கு அந்த ஆறு வாரங்கள்தாம் அந்தப் பன்னிரண்டு விநாடியைவிடப் பெரிய பாடமாகப் படுகிறது.

கிட்டி ஹாக் மணல்மேட்டில் நவம்பர் தொடக்கத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சினின் சுழற்சி சைக்கிள் செயின் போன்ற சங்கிலி வழியாக இரண்டு விசிறித் தண்டுகளுக்குப் போக வேண்டும். எஞ்சின் சீராக வெடிக்காமல் குலுக்கிக் குலுக்கி ஓடியது. அந்தக் குலுக்கலில் தண்டுகள் சேதமடைந்தன. அவற்றைக் கழற்றி டேட்டனுக்கு அனுப்பி, அவர்களுடைய கடை மெக்கானிக் சார்லி டெய்லரிடம் சரிசெய்து வாங்கினார்கள். நவம்பர் 20 அன்று தண்டுகள் திரும்பி வந்தன. மாட்டி ஓட்டினால் பல்சக்கரங்கள் மறுபடி தளர்ந்தன. சைக்கிள் டயரை ரிம்மோடு ஒட்டும் பசையை மரையில் ஊற்றி இறுக்கினார்கள். அது நின்றது! சைக்கிள் கடைக்காரர்களின் கைவைத்தியம் விமானத்துக்கும் பலித்தது.

நவம்பர் 28 அன்று அடுத்த இடி. ஒரு தண்டில் விரிசல்.

இங்கே நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று வகுப்பில் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் சொன்ன பதில், "இன்னும் தடிமனா போடணும் சார்." இயல்பான பதில்தான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ரைட் சகோதரர்கள் செய்தது நேர் எதிரானது. உடைந்தது உள்ளீடற்ற பெரிய எஃகுக் குழாய்த் தண்டு. அதற்குப் பதிலாக, அதைவிட விட்டம் குறைந்த திண்மமான எஃகுத் தண்டு செய்வதென்று முடிவெடுத்தார்கள். நவம்பர் 30 அன்று ஆர்வில் ரயிலேறி டேட்டனுக்குப் போய்த் தாமே செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11 அன்று திரும்பினார். ஆறாம் நாள் விமானம் பறந்தது.

ஏன் மெல்லிய தண்டு? குழாய்த் தண்டுக்கு வலிமை குறைவில்லை. சீரான சுமையாக இருந்தால் எஞ்சினின் ஆற்றலைப் போலப் பல மடங்கைத் தாங்கியிருக்கும். ஆனால் அது விறைப்பானது. எஞ்சின் ஒரு வெடிப்பைத் தவறவிட்டு அடுத்ததில் உதைக்கும்போது அந்த அடியை உள்வாங்கக் கொஞ்சமும் வளையாது. மெல்லிய தண்டு சற்றே முறுங்கிக் கொடுத்து, அடியை வாங்கி, மீண்டும் நிமிரும். திண்ம உருளைத் தண்டின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு எளிதாக முறுங்கும். மேல்நிலை வகுப்புக்கு இது கணக்கு. சிறிய வகுப்புக்கு ஒரு கல்லும் நூலும் போதும்.

தையல் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் தாங்கும். அதே கல்லை ஒரு சாண் உயர்த்தி விட்டால் நூல் அறுந்துவிடும். அதற்கேற்ற எடையுள்ள கல்லை முந்தைய நாளே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது நூலுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு மூன்று ரப்பர் பேண்டுகளைத் தொடராகக் கோத்து, அதே உயரத்திலிருந்து விடுங்கள். நூல் அறாது. நூலின் வலிமை மாறவில்லை, கல்லின் எடையும் மாறவில்லை. அடி மட்டும் மெதுவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கீழே மணல் மூட்டை ஒன்றை வைத்துவிட்டுச் செய்யுங்கள், கால்விரல்கள் பிழைக்கும்.

மாற்றுப் பாகம் என்றால் பழையதைப் போன்ற ஒன்றோ அதைவிடத் தடித்த ஒன்றோ அல்ல. பழையது ஏன் போயிற்று என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலே மாற்றுப் பாகம். காட்டர் பின் மாற்றிய மாணவன் கேட்காமல் விட்ட கேள்வியும் அதுதான்.

நம் மாநிலத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி'ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்து, கோச்சு வண்டிகள் கட்டிவந்த சிம்சன் பட்டறையில் அதைச் செய்வித்து, 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டுகூட நிறையவில்லை. நம் காலத்தில் மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ், குடும்பத்தினர் வாழும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016இல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது நின்றது. 2017இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதைப் பதிவு செய்தது. மொட்டைமாடியிலிருந்து அதை எப்படி இறக்கினார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பகுதி பகுதியாகப் பிரித்துக் கிரேனில் இறக்கினார்கள்.

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. அங்குள்ள விதிப்படி வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கட்டுகிறவர் தாமே செய்திருக்க வேண்டும். ஆசிரியர், மருத்துவர், தச்சர் என யாரும் கட்டுகிறார்கள். முதன்முறை உலோகத்தில் கைவைப்பவர்கள் தவறு செய்யாமலா இருப்பார்கள்? துளை இடம் மாறும். தகடு வளைக்கும் இடத்தில் வெடிப்பு விடும். பாகத்தைக் கழற்றிப் புதிதாகச் செய்து பொருத்துவது அவர்களின் அன்றாட வேலை.

அந்த வேலையில் முதல் விதி, பழைய பாகத்தைப் பார்த்து மட்டும் புதியதைச் செய்யாதே என்பது. வரைபடத்தை எடு, அதிலுள்ள அளவோடு பழையதை ஒப்பிடு, பிறகு வெட்டு. பழையதில் தவறு இருந்தால் அந்தத் தவறும் புதியதில் வந்துவிடும். இது பெரிய விஷயமாகத் தோன்றாது. கட்டுரையின் கடைசியில் திரும்ப வருகிறேன்.

அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விதி. பென்சில் முனை கிராஃபைட். அது கார்பன். ஈரம் பட்டால் கார்பனும் அலுமினியமும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். கோடு போட்ட இடத்திலேயே அரிமானம் தொடங்கும். அதனால் மார்க்கர் பேனாவால் குறிக்கிறார்கள். கூர்முனைக் கம்பியால் கீறுவதும் ஆகாது. எலுமிச்சை ஊறுகாயை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, ஊறுகாயைத் தொடும்படி அலுமினியத் தாளால் மூடிச் சில நாள் வைத்தால் தாளில் ஊசித் துளைகள் விழும். அதே வேதியியல்தான். எஃகு போல்ட்டை அலுமினியத்தில் பொருத்தும்போதும் இதே ஆபத்து உண்டு. விமான போல்ட்டுகளுக்குக் காட்மியம் பூசுவது அதற்காகத்தான்.

கீறல் ஏன் ஆகாது என்பதற்குக் கட்டுக்கம்பி போதும். ஒரே அளவாக இரண்டு துண்டு. ஒன்றில் அரத்தால் மெல்லிய வடு. இரண்டையும் ஒரே மாதிரி மடக்கி நிமிர்த்தி, எத்தனையாவது மடிப்பில் முறிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வடு உள்ளது முந்திக்கொள்ளும், அதுவும் வடுவிலேயே முறியும். உலோகச் சோர்வு என்ற சொல்லை அதன்பிறகு எழுதிப்போடலாம். வெட்டிய தகட்டின் ஓரத்தையும் துளையின் பிசிறையும் விமானம் கட்டுகிறவர்கள் மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பது அழகுக்காக அல்ல.

துளைக்கும் ஒரு கணக்கு உண்டு. துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து, துளையில் போடும் போல்ட் அல்லது ரிவெட்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் இழுவிசையில் ஓரம் கிழிந்துவிடும். இரண்டு வாரம் உழைத்துச் செய்த பாகத்தில் கடைசித் துளை இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டியதுதான். கட்டுபவரின் மனசு கேட்காது. "இது ஒண்ணுதானே" என்று தோன்றும். பரிசோதிக்க வருபவர் முதலில் பார்ப்பதும் அந்த ஒன்றைத்தான்.

கணித ஆசிரியர்களுக்கு விமான போல்ட்டின் எண் ஒரு விருந்து. இவர்கள் பயன்படுத்தும் போல்ட்டுகளுக்கு ஏ.என். 3, ஏ.என். 4 என்று பெயர். அந்த எண் விட்டத்தைப் பதினாறில் பகுதியாகச் சொல்கிறது. ஏ.என். 4 என்றால் பதினாறில் நான்கு, அதாவது கால் அங்குலம். பின்னத்தைச் சுருக்கத் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைச் சொல்லிவிடும். ஏ.என். 3 பதினாறில் மூன்று அங்குலம், 4.76 மில்லிமீட்டர். பென்சிலைவிட மெல்லிய அந்தத் தண்டு, குறுக்கே வெட்டும் விசையில் ஏறத்தாழ 960 கிலோ எடைக்கு ஈடுகொடுக்கும். அடுத்து வரும் எண் நீளத்துக்கானது, எட்டில் பகுதியாக. ஏ.என். 4-7 என்றால் சுமார் எட்டில் ஏழு அங்குலம். அதற்கு அடுத்த நீளம் 4-8 அல்ல, 4-10. பத்தின் இடம் முழு அங்குலம், ஒன்றின் இடம் எட்டில் பகுதி. அப்படியானால் 4-12 எவ்வளவு? ஒன்றேகால் அங்குலம். எட்டாம் அடிமான எண்முறையை இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போல்ட்டின் மரையில்லாத வழுவழுப்பான பகுதிதான் துளைக்குள் இருக்க வேண்டும். மரை துளைக்குள் நின்றால் அதன் பற்கள் அலுமினியத்தை அரம் போல ராவித் துளையைப் பெரிதாக்கிவிடும். நீளம் சற்றுக் கூடுதலானால் வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம். குறைந்தால் வேறு போல்ட்தான். சுழலும் மூட்டு என்றால் பள்ளம் வெட்டிய நட்டைப் போட்டு, அதன் குறுக்கே ஸ்பிளிட் பின் செருகி மடக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடுவதில்லை. ஏன் என்பதற்குக் கட்டுக்கம்பிச் சோதனையே பதில்.

இறுக்குவதில்தான் நம் கை நம்மை ஏமாற்றும். ஏ.என். 3 போல்ட்டில் மாட்டும் நட்டை இறுக்க வேண்டிய திருப்புத்திறன் ஏறத்தாழ 2.5 நியூட்டன் மீட்டர். இருபது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும்? பத்தாம் வகுப்புக் கணக்கு. 2.5ஐ 0.2ஆல் வகுத்தால் 12.5 நியூட்டன். ஒன்றேகால் கிலோ எடை அளவு! டிராக்டர் பட்டறையில் ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் தொங்கிப் பழகிய கைக்கு இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் விசையளவு காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் சாதாரண ஸ்பேனர் ஒன்றின் நுனியில் சுருள்வில் தராசை மாட்டி இழுக்கச் சொன்னால், தாம் 'லேசாக' இறுக்கியது எவ்வளவு என்று பிள்ளைகளே பார்த்து வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

பழைய பாகத்தைப் பார்த்துப் புதியதைப் போடும் கதைக்குத் திரும்புகிறேன். இது வீட்டில் கட்டிய விமானத்தில் நடந்ததல்ல. கைதேர்ந்தவர்கள் பராமரிக்கும் பயணிகள் ஜெட் விமானத்தில் நடந்தது. ஆனாலும் வீட்டில் விமானம் கட்டும் எவருக்கும் இதைவிடப் பொருத்தமான கதை இல்லை.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் 81 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தார்கள். சுமார் 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. உள்ளிருந்த காற்றழுத்தம் தலைமை விமானி டிம் லங்காஸ்டரை இடுப்பு வரை வெளியே தள்ளியது. பணியாளர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். லங்காஸ்டர் உட்பட அனைவரும் உயிர் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டது. இரவுப் பணியில் ஆள் குறைவு. பொறுப்பாளரே வேலையை எடுத்துக்கொண்டார். கழற்றிய பழைய போல்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத இடத்திலிருந்த பெட்டியில் அதைப் போன்றவற்றைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கினார். பொருத்திய 90 போல்ட்டுகளில் 84இன் விட்டம் குறைவு. எவ்வளவு குறைவு தெரியுமா? 0.026 அங்குலம், அதாவது 0.66 மில்லிமீட்டர். மீதி ஆறு விட்டத்தில் சரி, நீளத்தில் குறைவு. சிறிய போல்ட்டுக்கும் பெரிய நட்டுக்கும் ஓர் அங்குலத்துக்கான மரை எண்ணிக்கை ஒன்றே. அதனால் ஏதோ பிடிப்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அவர் மாதிரியாகக் கையில் எடுத்துச் சென்ற பழைய போல்ட்டும் சரியானதல்ல. வரைபடம் கேட்டதைவிட அது ஒரு படி குட்டை. முன்பு யாரோ போட்டது. அது நான்காண்டு தாங்கியிருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். பொருள் கிடங்குக்காரர் வேறு எண்ணைச் சொன்னபோதும் அவர் கையிலிருந்த போல்ட்டையே நம்பினார்.

0.66 மில்லிமீட்டர். நம் பள்ளி வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர், திருகு அளவியுடையது 0.01. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்போ நம்ம லேப்ல இருக்கறதே போதுமா சார் அதக் கண்டுபிடிக்க?" என்று கேட்டாள். போதும் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் அருப்புக்கோட்டையிலிருந்து புதுக் காட்டர் பின் வாங்கிவந்திருந்தான். வண்டியில் மாட்டுவதற்கு முன் நேராக ஆய்வகத்துக்கு வந்தான். வெர்னியர் கேட்டான். மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, பழைய பின்னின் அளவுக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டான். பிறகு கிராங்கின் துளையையும் அளக்க வேண்டும் என்றான். வெர்னியரின் மேல்தாடைகள் எதற்கு என்று அன்றுவரை அவன் கேட்டதில்லை.